பொருள்: 'செகண்ட் ஆர்டர் செக்‌ஷன்' — இருபடிக் கண்ணி?

வணக்கம் அண்ணாச்சி,

ஒரு பெரிய டிஜிட்டல் வடிப்பானை (ஃபில்டர்) குட்டி வடிப்பான்களாகப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கிறோமே, அந்த ஒவ்வொரு குட்டியும்தான் 'செகண்ட் ஆர்டர் செக்‌ஷன்'. அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'மறுகால்' காதுக்கு இனிமைதான். ஐப்பசி மழையில் மேல்குளம் மறுகால் பாய்ந்து கீழ்க்குளம் பெருகுவதை நம்மூரில் பார்க்காதவர் யார்? ஆனால் மறுகாலில் போவது மிஞ்சிய தண்ணீர். இங்கே முதல் வடிப்பானின் வெளியீடு முழுக்க அடுத்ததற்குள் போகிறது. படிக்கிற பிள்ளை தப்பாகப் புரிந்துகொள்ளும்.

சொல்லில் 'இரண்டு' இருந்தே ஆகணும் என்பது என் கட்சி. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) நம் திருநெல்வேலிப் பக்கமாகப் போவதால்தானே கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் இருக்கிறது. அந்த மாதிரிப் பதிவு ஒன்று, நொடிக்கு ஓர் அளவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 முதல் 600 நொடி அலைவுக்காலம் உள்ள துடிப்புகளை மட்டும் பிரிக்க 8-ஆம் படி பட்டர்வொர்த் வகைப் பட்டை வடிப்பான் (குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையை மட்டும் விடுவது) போட்டால், துருவங்கள் (போல், அதாவது வடிப்பான் சூத்திரத்தின் பகுதியைப் பூச்சியமாக்கும் கலப்பெண்கள்) படியைப் போல் இரு மடங்கு, 16. அத்தனையும் 1 என்ற புள்ளியிலிருந்து 0.05 தூரத்துக்குள் அடைந்து கிடக்கும். எல்லாவற்றையும் பெருக்கி ஒரே பல்லுறுப்புக்கோவையாக விரித்தால் நடுக்கெழு பத்தாயிரத்தைத் தாண்டும். கணினி வைத்திருப்பதோ ஏறத்தாழ 16 இலக்கம். கடைசி இலக்கத்துப் பிழை 16-ஆம் படிமூலத்தின் வழியே துருவத்துக்கு வரும்போது 0.1 அளவுக்கு ஊதிவிடுகிறது. ஒரு துருவம் அலகு வட்டத்துக்கு (ஆரம் 1 உள்ள வட்டம்) வெளியே விழுந்தால் போதும், வெளியீடு எகிறிவிடும். இத்தனைக்கும் சூத்திரத்தில் ஒரு தப்பும் இருக்காது!

ஒரு துருவத்தையும் அதன் இணைக் கலப்பெண்ணையும் சேர்த்தால் கெழுக்கள் மெய்யெண்ணாகவே நிற்கும். அதற்கு இரண்டு வேண்டும், இரண்டே போதும். ஆக எட்டு குட்டி வடிப்பான்கள். ஒன்றில் நேரும் பிழை அதன் இரு துருவங்களோடு நின்றுவிடும்.

'ஆர்டர்' என்பதற்கு 'வரிசை' வேண்டாம், கோக்கிற வரிசை வேறு இருக்கிறது. பள்ளிக்கூடத்து 'இருபடிச் சமன்பாடு' எல்லோருக்கும் தெரியும். 'செக்‌ஷன்' என்பதற்கு 'கூறு' வைக்கலாம் என்றால் அது அதிர்வெண் கூறுக்குப் போய்விட்டது, 'கட்டம்' ஃபேஸுக்கு. எனவே சங்கிலிக் கண்ணி மாதிரி 'இருபடிக் கண்ணி'. கோத்தால் 'கண்ணித் தொடர்'.

---

தம்பி,

மறுகாலை விட்டுட்டேன். கண்ணின்னா குருவி பிடிக்கிறதும் ஞாபகம் வருது, ஆனா 'இருபடி' முன்னால நின்னா குழப்பம் இல்ல. வட்டத்தை ஒட்டி நிக்கிற துருவத்துக்குப் பக்கத்துச் சுழியை (ஜீரோ, சூத்திரத்துத் தொகுதியைப் பூச்சியமாக்குற எண்) முதல்ல சேர்க்கணும்லா, அந்தப் 'பேரிங்'குக்கு என்ன வைக்க? 'சோடி சேர்த்தல்'னே போடுதேன். வேற யாருக்கும் மறுப்பு இருந்தா சொல்லுங்க.