பெட்டிக்குள் சாவி

குழு: நம் குடும்பம்

வெள்ளிக்கிழமை

அப்பா (இரவு 9.04): என் பழைய மடிக்கணினி மேசைமேல் இல்லை. யார் எடுத்தது?

மாறன்: அக்காதான். மூன்று நாளாக அதற்குள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கயல்: அப்பா, "அது இனி எதற்கும் உதவாது, வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று நீங்கள்தான் எழுதினீர்கள். இதே குழுவில்தான். மேலே தள்ளிப் பாருங்கள்.

அப்பா: உதவாது என்றேன், தேவைப்படாது என்று சொல்லவில்லையே. போகட்டும். அதில் என்ன செய்கிறாய்?

கயல்: லினக்ஸ் என்ற இயங்குதளத்தை மூல நிரலிலிருந்து கட்டுகிறேன். ஆயத்தமாகக் கிடைப்பதை நிறுவுவது இல்லை. ஒவ்வொரு மென்பொருளின் மூல நிரலையும் இறக்கி, நானே கம்பைல் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. ஜெரார்ட் பீக்மான்ஸ் என்பவர் 1999-இல் தொடங்கிய 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்ற வழிகாட்டியைப் பார்த்துச் செய்கிறேன். ஏறக்குறைய 80 தொகுப்புகள்.

மாறன்: ஆயத்த லினக்ஸான உபுண்டுவை அரை மணி நேரத்தில் நிறுவிவிடலாம். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அம்மா: இரவெல்லாம் அதன் விசிறி கத்துகிறது. எனக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

தாத்தா: கயல் கண்ணு, 80 தொகுப்பில் முதலில் எதைக் கட்டினாய்?

கயல்: பைனுட்டில்ஸ், தாத்தா. இயந்திர நிரலாக மாற்றும் அசெம்பிளர், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க்கர் எல்லாம் அதில் வரும். அடுத்தது ஜிசிசி என்கிற கம்பைலர்.

தாத்தா: கம்பைலர் என்றால் மனிதர் எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது என்றுதானே போன முறை சொன்னாய்?

கயல்: ஆமாம்.

தாத்தா: அந்தக் கம்பைலரையும் மனிதர்தானே எழுதியிருப்பார்? அதை மாற்றித் தந்தது எது?

கயல்: இன்னொரு கம்பைலர். கணினியில் ஏற்கெனவே டெபியன் என்ற ஆயத்த லினக்ஸ் இருக்கிறது. அதனுடையதைப் பயன்படுத்திக்கொண்டேன்.

தாத்தா: ஆக, இரவல் கம்பைலரால் செய்த கம்பைலர். பிறகு "நானே கட்டினேன்" என்று எப்படிச் சொல்வாய்?

சித்தப்பா: அப்பா அடிமடியிலேயே கை வைத்துவிட்டார் 😄

சித்தப்பா: கயல், அந்த வழிகாட்டியின் முதல் பாதி முழுவதும் அப்பா கேட்ட இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். ஜிசிசியை ஏன் மூன்று முறை கட்டச் சொல்கிறார்கள் என்று யோசித்தாயா?

கயல்: யோசிக்கவில்லை. சொன்னபடி தட்டினேன்.

சித்தப்பா: யோசி. ஜிசிசியை முழுமையாகக் கட்ட கிலிப்சி என்ற சி மொழி நூலகம், அதாவது மற்ற நிரல்கள் எடுத்தாளும் பொதுத் துண்டுகளின் தொகுப்பு, வேண்டும். கிலிப்சியைக் கட்ட ஜிசிசி வேண்டும். டெபியனின் கிலிப்சி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதைத் தொட்டுவிட்டால் உன் புதிய அமைப்பு காலத்துக்கும் டெபியனின் தோளில்தான் நிற்கும். அதனால் நூலகமே இல்லாமல் ஓடக்கூடிய ஓர் அரை ஜிசிசியை முதலில் கட்டுகிறோம். அந்த அரையை வைத்து முழு கிலிப்சி. பிறகு கட்டளைகளை ஏற்கும் பாஷ் முதலான கருவிகள், அவற்றின் கடைசியில் ஜிசிசி இரண்டாம் முறை. அதன் பிறகு செட்ரூட் என்ற கட்டளையால் புது வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருப்பதை மட்டுமே வைத்து மூன்றாம் முறை.

தாத்தா: முதல் மெய்ப்பு, திருத்திய மெய்ப்பு, அச்சுக்குப் போகும் மெய்ப்பு. ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில் நாங்களும் மூன்று பார்த்தோம்.

கயல்: சித்தப்பா, பக்கத்திலேயே இருக்கிற டெபியன் நூலகத்தை அந்த அரை ஜிசிசி எடுத்துக்கொள்ளாமல் எப்படித் தடுக்கிறோம்?

சித்தப்பா: ஒரு பொய் சொல்லித்தான். உன் கணினிக்கு ஓர் அடையாளப் பெயர் உண்டு. அதன் நடுவில் 'எல்எஃப்எஸ்' என்று ஒரு சொல்லைச் செருகச் சொன்னார்கள் அல்லவா? அவ்வளவுதான். பெயர் மாறியதும், "நான் வேறொரு இயந்திரத்துக்காக வேலை செய்கிறேன், இங்கே கிடப்பவை அதற்கு ஒத்துவராது" என்று கட்டுமானக் கருவிகள் நம்பிவிடும். கிராஸ் கம்பைல் என்பது உண்மையில் வேறு வகைச் சிப்புக்காகச் செய்வது. இங்கே சிப்பு அதேதான், பெயர்தான் வேறு.

மாறன்: பெயரை மாற்றியதும் ஏமாந்துவிடுகிறதா? இதையா எல்லாரும் மெச்சுகிறீர்கள்?

தாத்தா: சரி. டெபியனின் கம்பைலரை யார் கம்பைல் செய்தார்கள்?

சித்தப்பா: அதற்கு முந்தைய கம்பைலர், அப்பா. அதற்கும் முந்தையது ஒன்று. 1987-இல் வெளியான முதல் ஜிசிசிக்கும் முன்னால் வேறொரு கம்பைலர் இருந்தது. பின்னாலேயே போனால், எண்களைக் கையால் எழுதி இயந்திரத்துக்கு ஊட்டிய காலத்தில் போய் நிற்போம். இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் அதைப் போட்டு உடைத்தார். பயனர் பெயரைக் கேட்டு உள்ளே விடும் லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது மட்டும் ஒரு திருட்டுக் கதவை வைத்துவிடும் கம்பைலரைச் செய்ய முடியும். தன்னைத்தானே கம்பைல் செய்யும்போது அந்தத் திருட்டுப் புத்தியையும் சேர்த்தே புதிய கம்பைலருக்குக் கடத்தும். மூல நிரலில் தடயமே இருக்காது. நீ ஒவ்வொரு வரியாகப் படித்தாலும் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும்.

அம்மா: இதைப் படித்தபின் எனக்கு விசிறிச் சத்தம் இல்லாமலேயே தூக்கம் வராது.

சித்தப்பா: அண்ணி, அந்தப் பயத்தால்தான் சிலர் அடிமட்டத்திலிருந்தே தொடங்கினார்கள். குனு கிக்ஸ் என்ற லினக்ஸ் திட்டத்தார் 2023-இல் வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு விதையில் தொடங்கி, படிப்படியாக ஏறி ஜிசிசி வரை கட்டிக் காட்டினார்கள். இயங்குதளத்தின் மையமான கர்னலையும், கட்டுமானத்தை நடத்தும் நிரலையும் மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தாத்தா: 357 எழுத்து என்றால் ஓர் அஞ்சல் அட்டையில் அடங்கும். அதையாவது ஒருவர் உட்கார்ந்து கண்ணால் மெய்ப்புப் பார்க்கலாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பா: எல்லாரும் தூங்கப் போங்கள். கயல், விசிறியை நிறுத்து.

கயல்: ஜிசிசி பாதியில் இருக்கிறது அப்பா 🙏

சனிக்கிழமை

கயல் (பிற்பகல் 3.40): சித்தப்பா, இருக்கிறீர்களா? கை நடுங்குகிறது.

சித்தப்பா: சொல்.

கயல்: புதிய முனையத்தைத் திறந்து, கட்டியதை நிறுவும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுத்தேன். திரை முழுக்க 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்று கொட்டுகிறது. பார்த்தால், புது அமைப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'எல்எஃப்எஸ்' என்ற மாறி (variable) காலியாக இருக்கிறது. வட்டில் தனியாகப் பிரித்த புதுப் பகிர்வுக்குள் போகவேண்டியது டெபியனின் வேர் அடைவுக்கே போகப் பார்த்திருக்கிறது.

சித்தப்பா: எந்தப் பயனராக இருந்தாய்? எல்லா அனுமதியும் உள்ள ரூட்டாகவா?

கயல்: இல்லை. புத்தகம் சொன்னபடி தனியாக உருவாக்கிய பயனர்.

சித்தப்பா: பிழைத்தாய். ரூட்டாக இருந்திருந்தால் டெபியனின் நூலகத்தின்மேல் உன் நூலகம் ஏறி உட்கார்ந்திருக்கும். பிறகு கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளைகூட வேலை செய்யாது. அந்தத் திட்டல் செய்திக்கு நன்றி சொல். மாறியை ஏன் சூழல் கோப்பில் எழுதி வைக்கவில்லை?

கயல்: ஒவ்வொரு முறையும் கையால் தட்டிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா: தட்டாதே. எழுது. இப்போதே.

கயல்: எழுதிவிட்டேன்.

மாறன்: இதற்குத்தான் அரை மணி நேரத்தில் நிறுவலாம் என்றேன்.

அம்மா: இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று அதிலேயே போட்டிருக்காதா?

கயல்: நிமிடத்தில் போடமாட்டார்கள் அம்மா. ஒவ்வொருவர் கணினிக்கும் வேகம் வேறு. முதலில் கட்டும் பைனுட்டில்ஸுக்கு ஆகும் நேரம் ஓர் அலகு. மற்றவை எல்லாம் அதன் மடங்கு. எனக்கு ஓர் அலகு நான்கு நிமிடம். கடைசி ஜிசிசிக்குச் சோதனைகளோடு சேர்த்து நாற்பது அலகுக்கு மேல் ஆகும் என்கிறார்கள்.

அம்மா: அப்படியானால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் இல்லை.

மாறன்: சோதனையை விட்டுவிடேன்.

சித்தப்பா: மற்றவற்றில் விட்டாலும் பைனுட்டில்ஸ், ஜிசிசி, கிலிப்சி மூன்றிலும் விடாதே. மீதி எல்லாம் அவற்றின்மேல்தான் நிற்கிறது. ஆயிரக்கணக்கான சோதனைகளில் ஒரு சில தோற்கும், அதற்கு அஞ்ச வேண்டாம். எவை தோற்பது வழக்கம் என்று புத்தகத்திலேயே இருக்கும். அதில் இல்லாதவை தோற்றால் மட்டும் நில்.

கயல் (இரவு 11.58): நான்கு தோல்வி. நான்கும் பட்டியலில் இருக்கின்றன 🎉

அம்மா: தோற்றதற்குக் கொண்டாட்டமா? நல்ல படிப்பு.

ஞாயிற்றுக்கிழமை

கயல் (இரவு 8.15): எல்லாம் முடிந்தது. கர்னலும் கட்டிவிட்டேன். எந்த அமைப்பைத் தொடங்கலாம் என்று கேட்கும் கிரப் பட்டியலில் டெபியனுக்குக் கீழே என் அமைப்பின் பெயர் தெரிகிறது. மறுதொடக்கம் செய்யப் போகிறேன்.

கயல் (இரவு 8.17): 📷 படம்

அத்தை: கயலு, படம் ஒரே கறுப்பாக வந்திருக்கிறது. விளக்கைப் போட்டு எடு.

கயல்: அதுதான் அத்தை படமே. கர்னல் பேனிக், கர்னலால் மேலே போக முடியவில்லை. ஐந்து நாள் வேலை இரண்டு நொடியில் நின்றுவிட்டது.

மாறன்: நான் இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பா: அழாதே. கடைசி வரியில் 'அன்னோன் பிளாக்' என்பதற்குப் பக்கத்தில் என்ன எண்கள்? படத்தில் தெளிவாக இல்லை.

கயல்: 0,0.

சித்தப்பா: அதற்குச் சற்று மேலே, "இருக்கிற பகிர்வுகள் இவை" என்று ஒரு வரி வரும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது?

கயல்: ஒன்றும் இல்லை. வெற்றிடம்.

சித்தப்பா: நல்லது. ஓடிக்கொண்டிருப்பது உன் கர்னல்தான், அது உயிரோடு வந்துவிட்டது. ஆனால் வட்டு இருப்பதே அதற்குத் தெரியவில்லை. வேறு எண்கள் வந்து, கீழே பகிர்வுகளும் வரிசையாக வந்திருந்தால், வட்டு தெரிகிறது, அதிலுள்ள கோப்பு முறைமைதான் புரியவில்லை என்று சொல்லியிருப்பேன். இது அதற்கும் முந்தைய கட்டம். வட்டு எந்த வகை?

கயல்: என்விஎம்இ. அதைக் கையாளும் டிரைவர் நிரலைத் தேர்ந்தெடுத்தேன் சித்தப்பா. நன்றாக நினைவிருக்கிறது.

சித்தப்பா: நட்சத்திரக் குறியா, 'எம்' எழுத்தா?

கயல்: எம்.

சித்தப்பா: அதுதான்.

அப்பா: எனக்கும் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள். அது என் மடிக்கணினி.

சித்தப்பா: அண்ணா, கர்னலைக் கட்டும்போது ஒவ்வொரு டிரைவருக்கும் மூன்று வழி உண்டு. வேண்டாம் என்று விடலாம். கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டலாம், அது நட்சத்திரம். தேவைப்படும்போது வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் தனித் துண்டாக வைக்கலாம், அது எம். கயல் வட்டைப் படிக்கும் டிரைவருக்கு எம் போட்டுவிட்டாள்.

தாத்தா: வட்டைப் படிக்கும் டிரைவர் வட்டிலேயே இருக்கிறது.

சித்தப்பா: அதேதான் அப்பா.

தாத்தா: பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

கயல்: 🤦‍♀️ ஆனால் டெபியனிலும் அது எம் என்றுதான் இருக்கிறது! அதைப் பார்த்துத்தானே போட்டேன்.

சித்தப்பா: டெபியன் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சின்ன மூட்டையைக் கர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடும். முக்கியமான சாவிகள் அந்த மூட்டையில் இருக்கும். எவருடைய கணினியில் எந்த வட்டு என்று அவர்களுக்குத் தெரியாதே, எல்லாவற்றையும் மூட்டை கட்டித்தான் ஆகவேண்டும். உனக்கு உன் ஒரு கணினி மட்டும்தான். மூட்டை வேண்டாம், நட்சத்திரம் போடு. ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமைக்கும் நட்சத்திரமா என்று பார்த்துக்கொள், இல்லாவிட்டால் அடுத்த பேனிக் அங்கே வரும்.

கயல்: எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டவேண்டுமா?

சித்தப்பா: கர்னல் மட்டும்தான். டெபியனில் தொடங்கி, செட்ரூட்டுக்குள் போய்ச் செய். முடிந்ததும் புதிய கர்னலை பூட் அடைவுக்குப் படியெடு. நான் ஒரு தடவை அதை மறந்து, பழைய கர்னலையே மூன்று முறை தொடங்கிப் பார்த்து, கணினியைத் திட்டியிருக்கிறேன்.

மாறன்: சித்தப்பாவுமா!

சித்தப்பா: உன் வயதில். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தாத்தா: எனக்குத் தெரியும். அன்றைக்கு நீ திட்டியது பக்கத்து அறை வரை கேட்டது.

திங்கட்கிழமை

கயல் (காலை 5.32): 📷 படம்

அத்தை: இதுவும் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே ஏதோ எழுத்து தெரிகிறது.

கயல்: "லாகின்" என்று கேட்கிறது அத்தை! என் பெயரைத் தட்டினேன், உள்ளே விட்டுவிட்டது!

சித்தப்பா: 👏👏👏

தாத்தா: அதில் ஓடும் ஒவ்வொரு நிரலும் நீ கட்டியதா?

கயல்: ஆமாம் தாத்தா. கம்பைலர் உட்பட. பெயரைக் கேட்கிற அந்த நிரல் எந்தத் தொகுப்பில் வந்தது, எந்த நாள் கட்டினேன் என்றுகூடச் சொல்வேன்.

மாறன்: சரி, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பா: நல்லது. இப்போது என் மின்னஞ்சலைத் திறந்து காட்டு.

கயல்: உலாவி இல்லை அப்பா.

அப்பா: படமாவது பார்க்கலாமா?

கயல்: வரைகலைத் திரையே இல்லை. எழுத்து மட்டும்தான். மற்றதெல்லாம் இனிமேல்தான் கட்டவேண்டும், அதற்குத் தனியாக இன்னொரு புத்தகம் இருக்கிறது. முதல் பாகத்தைவிடப் பல மடங்கு பெரியது.

அப்பா: ஆறு நாள் கட்டிய வீட்டில் சன்னல்கூட இல்லையா?

கயல்: சுவர் உறுதியாக இருக்கிறது அப்பா.

கயல் (காலை 5.51): சித்தப்பா, ஒரு சிக்கல். அடுத்த தொகுப்புகளை இறக்க டபிள்யூகெட் என்ற கருவி வேண்டும். அது இந்த அமைப்பில் இல்லை. சரி, முதலில் அதை இறக்கிக் கட்டலாம் என்று பார்த்தால்

தாத்தா: அதை இறக்குவதற்கு அதுவே வேண்டும்.

கயல்: 😭

சித்தப்பா: டெபியனுக்குப் போய் இறக்கி, உன் பகிர்வில் போட்டுவிட்டு வா.

அப்பா: டெபியனை இன்றைக்கு அழித்துவிடுவாய், எனக்கு வட்டில் இடம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேனே.

கயல்: அழிக்காதீர்கள்! சாவி எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அம்மா (காலை 6.10): விசிறி மறுபடியும் கத்தத் தொடங்கிவிட்டது.