மீடியம் வேவ் ரேடியோவுக்கு எஸ்எம்பிஎஸ் அடாப்டர் போட்டா ஒரே இரைச்சல்: டிரான்ஸ்பார்மர் எலிமினேட்டருக்கே திரும்பணுமா?

தஞ்சைக்காரன்:
அப்பாவோட ரேடியோ நாலு பெரிய செல் போடுற ரகம், 6 வோல்ட். செல் வாங்கிக் கட்டுப்படியாகலைன்னு 6 வோல்ட் 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (போன் சார்ஜர் மாதிரி ஸ்விட்சிங் ரகம்) அடாப்டர் வாங்கிப் போட்டேன். எஃப்எம் சுத்தமா இருக்கு. மீடியம் வேவுல திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் வச்சா செய்தி வாசிக்கிறவர் குரலுக்கு மேல ‘ர்ர்ர்’னு ஓடுது. முள்ளை நகர்த்தினா குறையுது, கொஞ்சம் தள்ளி மறுபடி ஏறுது. வால்யூமைக் கூட்டினா இரைச்சலோட தொனியே மாறுது. செல்லுல ஓட்டினா ஒண்ணும் இல்ல. 12 வோல்ட் அடாப்டர் வாங்கி, பின்னாடி ஒரு 7806 ரெகுலேட்டர் (வோல்டேஜை 6-ல நிறுத்துற ஐசி) போட்டா சரியாயிடும்னு கடையில சொன்னாங்க. போடலாமா?

சர்க்யூட்பிரியன்:
அடாப்டர் மட்டமா இருக்கும் ப்ரோ. மலிவு சரக்குல உள்ளே ஃபில்டர் காயிலே இருக்காது, அந்த இடத்துல ரெண்டு ஜம்பர் கம்பிதான். நல்லதா ஒண்ணு வாங்கி, டிசி வயரை ஃபெரைட் வளையத்துல அஞ்சாறு சுத்து சுத்திப் பாருங்க. இந்தக் காலத்துல அரைக் கிலோ டிரான்ஸ்பார்மரை யாரு தூக்குவா?

பழைய மெக்கானிக்:
தம்பி, 7806 யோசனையை விடுங்க. அந்த ஐசி டிரான்ஸ்பார்மர் சப்ளையில வர்ற 100 ஹெர்ட்ஸ் ஹம்மை நல்லா அமுக்கும். எஸ்எம்பிஎஸ் சத்தம் அந்த ரகம் இல்ல. அடாப்டருக்குள்ள டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஆன்-ஆஃப் ஆகுது. நிறைய அடாப்டர் ஐசி 65 கிலோஹெர்ட்ஸ்ல ஓடும். அதோட மடங்கு எல்லாம் மீடியம் வேவ் பேண்டுக்குள்ள வந்து விழும்: 14 மடங்கு 910, 15 மடங்கு 975. உங்க 936 ரெண்டுக்கும் நடுவுல. முள் நகர நகர ஏறி இறங்குறது அதனாலதான். லோடு குறைஞ்சா அதே ஐசி வேகத்தைக் குறைக்கும், விட்டு விட்டு அடிக்கும். 2 ஆம்பியர் அடாப்டருக்கு உங்க ரேடியோ இழுக்கிற கரண்ட் ஒரு லோடே இல்ல. வால்யூமோட தொனி மாறுறதுக்குக் காரணம் அது.

அந்த வேகத்துல 7806-க்கு அமுக்குற சக்தி போயிடும். அதோட, பாதி இரைச்சல் ப்ளஸ், மைனஸ் ரெண்டு கம்பியிலயும் சேர்ந்தே வருது. ரெகுலேட்டர் அதைப் பார்க்கவே பார்க்காது. ஒரு சோதனை பண்ணுங்க. ரேடியோவைச் செல்லுல ஓட்டிக்கிட்டே, வேற ஏதாவது போன் சார்ஜரை பிளக்குல செருகி அது பக்கத்துல கொண்டு போங்க. வயரே இல்லாம ரேடியோ உள்ளே ஆன்டெனாவா இருக்கிற ஃபெரைட் ராடு இரைச்சலைப் பிடிக்கும்.

ரேடியோவுக்கு எலிமினேட்டர்தான், அதாவது செல்லுக்குப் பதிலா டிரான்ஸ்பார்மர் வச்ச சப்ளை. 9 வோல்ட் 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்பார்மர், நாலு 1என்4007 டயோடு, 2200 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர், அப்புறம் 7806. இங்கே அந்த ஐசி தன் வேலையைச் செய்யும். முக்கியமா, ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே 103-னு எழுதின டிஸ்க் கண்டன்சர் ஒண்ணு. இது இல்லைன்னா ஸ்டேஷன் சரியா நிக்கிற இடத்துல மட்டும் ‘ம்ம்ம்’னு ஹம் வரும், முள்ளை நகர்த்தினா போயிடும். இதைத் தெரியாம ஃபில்டர் கண்டன்சரையே மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டிருப்பாங்க.

தஞ்சைக்காரன்:
ரொம்ப நன்றி சார். சோதனை பண்ணினேன், சார்ஜர் பக்கத்துல போனாலே கத்துது! ஒரு சந்தேகம். எங்க தெருவுல சாயங்காலம் கரண்ட் 170 வோல்ட்டுக்கு இறங்கிடும். தாங்குமா?

சர்க்யூட்பிரியன்:
இதுக்குத்தான் எஸ்எம்பிஎஸ். 90-லிருந்து 264 வரைக்கும் அது கவலையே படாது 😀

பழைய மெக்கானிக்:
அது வாஸ்தவம். கேமரா, எல்இடி, ரவுட்டர் எல்லாத்துக்கும் நானும் அதைத்தான் போடச் சொல்லுவேன்.

170-ல உங்க 9 வோல்ட் 6.65 ஆயிடும். டயோடு தாண்டி உச்சத்துல 8 வோல்ட்தான் மிஞ்சும். 7806-க்கு அந்த 8 எப்பவும் குறையாம வேணும். ரிப்பிள் (டிசியில மிஞ்சுற ஏற்ற இறக்கம்) அதையும் தின்னுடும், ஹம் வந்துடும். அதனால 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போடுங்க. அதுலயும் சிக்கல் உண்டு: ராத்திரி லைன் 240-க்கு ஏறினா உள்ளே 16 வோல்ட்டுக்கு மேல நிக்கும், 200 மில்லி இழுத்தா ஐசியில மட்டும் 2 வாட் சூடு. ரேடியோ தின்கிறதே 1.2 வாட்தான். 7806 மாதிரி லீனியர் ரெகுலேட்டர்ல மிச்ச வோல்டேஜ் எல்லாம் சூடாத்தான் வெளியே போகணும், வேற வழி கிடையாது. விரல் நீள அலுமினிய ஹீட் சிங்க் ஒண்ணு மாட்டிடுங்க. கண்டன்சர் 25 வோல்ட் ரகமா பார்த்து வாங்குங்க, 16 வேண்டாம்.

பின்னை மாட்டுறதுக்கு முன்னாடி ரேடியோவோட சாக்கெட்டுல நடுப்பின் ப்ளஸ்ஸா மைனஸ்ஸான்னு மீட்டர் வச்சுப் பாருங்க. பழைய செட்டுல நடுவுல மைனஸ் நிறைய வரும். பிரைமரியில ஒரு சின்ன ஃபியூஸும் போடுங்க.