பச்சையா இருக்கும்போதே தக்காளிச் செடி வாடி சாகுது, உதவி வேணும்

பாலக்கோடு பக்கம் அரை ஏக்கர், செம்மண், சொட்டு நீர், நர்சரில வாங்கின ஹைப்ரிட் தக்காளி நாத்து நட்டு 48 நாள் ஆகுது. பத்து நாளா செடி வாடுதுங்க, மத்தியானம் தலை தொங்குது, சாயங்காலம் நிமிருது, மூணாவது நாள் மொத்தமா படுத்துடுது, ஆனா இலை மஞ்சளாவே ஆகல, பச்சையாவே சாகுது, பாத்தா வயிறு எரியுது. வரிசைல அடுத்தடுத்த செடியா பரவி இதுவரைக்கும் 60 செடி போச்சு.

வேர்ல முடிச்சு இல்ல, அதனால நூற்புழு இல்லன்னு நினைக்கிறேன். கடைல சொன்னாங்கன்னு கார்பன்டாசிம்ங்கற பூஞ்சாண மருந்த ரெண்டு தடவ வேர்ல ஊத்தினேன், கேக்கல, அப்புறம் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் கலந்து ஊத்தியும் நிக்கல. நேத்து தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணில தொங்க விட்டேன், கொஞ்ச நேரத்துல பால் மாதிரி நூல் நூலா இறங்குச்சு. அப்போ இது பூஞ்சாணம் இல்ல, பாக்டீரியா வாடல்தான், பூஞ்சாண மருந்து எப்படி கேக்கும். போன பட்டம் இதே நிலத்துல கத்தரி போட்டிருந்தேன், அதுவும் தக்காளி குடும்பம்தான், கிருமி மண்ணுலயே இருந்திருக்கும்.

செத்ததெல்லாம் வேரோட புடுங்கி எரிச்சுட்டேன். இப்பதான் காய் பிடிக்குது.

இந்த நிலைல ஏதாவது பண்ணி மீதி செடிய காப்பாத்தினவங்க இருக்கீங்களா, இல்ல அழிச்சுட்டு கேவுரு போடறதுதான் வழியா?