கலைச்சொல் தேவை: மெடிக்கல் லாங்குவேஜ் டிரெயினிங்

அன்புள்ள குழுவினருக்கு,

தாராவியில் செவிலியர்களுக்காக மாலை நேரத் தமிழ் வகுப்பு தொடங்குகிறோம். படிக்க வருபவர்கள் பெரும்பாலும் மராத்திக்காரர்கள். ‘மெடிக்கல் லாங்குவேஜ் டிரெயினிங்’ என்பதை நோட்டீஸில் தமிழில் எப்படிப் போடுவது? ‘மருத்துவமொழிப் பயிற்சி’ சரிவருமா? வியாழனுக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

— தாராவியிலிருந்து

* * *

வணக்கம் தம்பி.

‘மருத்துவமொழி’ வேண்டாம். டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற மொழி என்றுதான் தோன்றும். ‘நோய்மொழி’ என்று யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குச் சிகிச்சை என்று நினைத்து ஆட்கள் வந்து நிற்பார்கள்.

என் பரிந்துரை: நோயர்மொழிப் பயிற்சி.

வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். “எங்கே வலிக்குது?” என்று கேட்க ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பதிலில்தான் சிக்கல். தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் நிறைய. “மேலுக்கு முடியல” என்பார்கள். மேல் என்றால் உயரம் என்று மட்டும் படித்தவருக்கு அது உடம்பு என்று எப்படித் தெரியும்? “வயித்தால போகுது”, “நெஞ்சைக் கரிக்குது” எல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

ஒரு மருமகளுக்கு வயிற்றுவலி. கேஸ் பேப்பரோடு எக்ஸ்ரே வரிசையில் நிற்கிறாள். மாமியார் முன்னால் வந்து, “முழுகாம இருக்கா” என்றார். கொஞ்சம் தமிழ் படித்திருந்த மராத்தி சிஸ்டர் பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினார்! பக்கத்தில் இருந்த ஆயா அம்மா சிரித்துக்கொண்டே வயிற்றைத் தடவிக் காட்டியதால் எக்ஸ்ரே நின்றது. அந்த சிஸ்டரின் மராத்தியிலேயே கர்ப்பத்துக்கு ‘திவஸ் கேலே’, அதாவது நாள் போய்விட்டது, என்று ஒரு வழக்கு உண்டு. ஒரு மணி நேரம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் சட்டென்று பிடித்திருப்பார்.

1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயதுப் பையனுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. வீட்டார் ‘இன்டாக்சிகாடோ’ என்றார்கள். கியூபா ஸ்பானிஷில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்கிற பொருள். மருத்துவர்கள் அதை ஆங்கில ‘இன்டாக்சிகேட்டட்’ என்று புரிந்துகொண்டு, பையன் போதைமருந்து சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். மூளையில் ரத்தக்கசிவு இருந்தது பிறகுதான் தெரிந்தது. பையனுக்குக் கைகால்கள் விளங்காமல் போய்விட்டன. சொல் காதில் விழாமல் இல்லை, எந்த அர்த்தத்தில் சொன்னார்கள் என்பதுதான் போய்ச்சேரவில்லை. ஆகவே பெயரில் மருத்துவர் இருக்க வேண்டாம், படுத்திருப்பவர் இருக்கட்டும்.

— மாட்டுங்கா

* * *

அக்காவுக்கு வணக்கம். ‘துறைமொழி’ போதாதா? ஜெர்மனி போகிற டாக்டர்களுக்கு வைக்கும் தேர்வின் பெயரே அந்தப் பொருள்தான். இன்னொன்று, ‘நோயர்’ என்று யார் பேசுகிறார்கள்?

— செம்பூர்

* * *

அந்தத் தேர்வில் மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம்: நோயாளியோடு பேச்சு, எழுத்துக் குறிப்பு, சக மருத்துவரோடு பேச்சு. மூன்றுக்கும் சேர்த்துத் ‘துறைமொழி’ நன்றாகவே பொருந்தும். தம்பியின் வகுப்பு முதல் பகுதி மட்டும்தானே? ‘நோயர்’ பற்றிச் சொன்னது சரி, கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது.

— மாட்டுங்கா

* * *

அப்போ ‘நோயாளர் மொழிப் பயிற்சி’ என்றே போடுகிறேன். அப்புறம் ஒன்று. நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்கு எடுத்துச் சொல்பவரை, அதாவது இன்டர்ப்ரெட்டரை, என்ன என்பது? மொழிபெயர்ப்பாளர் என்றால் எழுதுபவர் போலிருக்கிறது. துபாஷி?

— தாராவி

* * *

துபாஷி என்றால் கம்பெனிக் காலத்துத் தரகர் வாடை அடிக்கும். இலங்கையில் ‘உரைபெயர்ப்பாளர்’ புழக்கத்தில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்கூல் பிள்ளையை நிறுத்தி வைத்து அம்மாவின் மாதவிலக்கைப் பற்றிக் கேட்கிறார்களே, அந்தப் பிள்ளைக்கு இந்தப் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். நோட்டீஸின் புரூஃப் வந்ததும் குழுவுக்கு அனுப்புங்கள், ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன்.

— மாட்டுங்கா