குழந்தையின் வெள்ளைச் சட்டையில் கறை, அவசரம்

புதுக்குடித்தனம்:
வணக்கம். இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சின்னவளின் வெள்ளைப் பருத்திச் சட்டையில் முன்பக்கம் முழுக்கக் கறை. நாளை மறுநாள் காப்பகத்தில் படம் எடுக்கிறார்கள். மற்ற துணிகள் இருக்கும் பெட்டிகள் இன்னும் வந்து சேரவில்லை. கடையில் விற்கும் கறைநீக்கி பட்டால் அவளுக்குத் தோல் தடித்துவிடும். வீட்டில் வினிகரும் பேக்கிங் சோடாவும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

பனிமனிதன்:
ஓடியாடும் பிள்ளைக்கு யாராவது வெள்ளை வாங்குவார்களா? நாங்கள் வந்த புதிதில் கட்டடம் முழுக்க ஒரே சலவை இயந்திரம், அதுவும் நிலவறையில். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினால் அங்கே எப்போதும் யாருடைய துணியாவது சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சிரமத்தில் கற்றது, கருநீலம் வாங்கு.

மூன்றுபிள்ளைக்காரி:
பதறாதே தங்கச்சி. ரெண்டையும் கலந்து ஊற்று, புஸ்ஸென்று பொங்கும். அப்புறம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். நான் எல்லாவற்றுக்கும் அதுதான்.

கொடிக்கயிறு:
அக்கா, கொதிநீரா? பால், ரத்தம், வாந்தி எல்லாம் புரதக் கறை. சூடு பட்டால் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான்.

மூன்றுபிள்ளைக்காரி:
எண்ணெய்ப் பிசுக்கு பச்சைத் தண்ணீரில் போகுமா தம்பி? நீ துவைத்துப் பார்த்திருக்கிறாயா?

பனிமனிதன்:
துவைப்பது இருக்கட்டும், காயப்போட இடம் எங்கே? பால்கனியில் கொடி கட்டக்கூடாது என்று வீட்டுக்காரர் கடிதமே கொடுத்தார். கூடத்து நாற்காலி முழுக்க ஈரத் துணி, சுவரெல்லாம் பூஞ்சணம். அதற்கும் நம்மிடமே காசு கேட்டார்.

கொடிக்கயிறு:
எங்கள் வீட்டிலும் அதே கதை அண்ணா. வெளியே ஒரு துண்டு காயப்போட்டாலும் புகார்.

நீலச்சோப்பு:
கறை எதனால் ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லையே! சகோதரி, என்ன நிறம்? இதுவரை என்ன செய்தீர்கள்?

புதுக்குடித்தனம்:
மஞ்சள் நிறம். சோடாவைக் குழைத்துத் தடவினேன். ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது! சட்டையே பாழா? கழுத்தருகே பால் கக்கியதும் இருக்கிறது, சொல்ல விட்டுப்போச்சு.

நீலச்சோப்பு:
பாழ் இல்லை. அது மஞ்சள்தூள் கறை. அதிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சோடா போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும். சோப்பு பட்டாலும் இப்படித்தான். வினிகரைத் தண்ணீரில் கலந்து விட்டால் திரும்ப மஞ்சளாகும். நிறம் மாறுவதால் கறை போய்விட்டதாக ஆகாது.

முதலில் கழுத்துப் பக்கத்தைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். பிறகு மஞ்சள் இடத்தில், அவளுக்குப் பழகிய பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு விரலால் தேயுங்கள். குர்குமின் எண்ணெயில் கரைவது, அதனால் பிசுக்கை எடுத்தால் பாதி வேலை முடிந்தது. மறுபடி சிவந்தால் பயப்படாதீர்கள். நன்றாக அலசி, ஈரத்தோடு வெயிலில் விரியுங்கள். வெளிச்சம் பட்டால் குர்குமின் சிதைந்து வெளுக்கும்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். வினிகரும் சோடாவும் கலந்தால் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். பொங்குவது கரியமில வாயு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். ஆபத்தில்லை, பயனும் இல்லை. ஆனால் குளோரின் பிளீச்சோடு வினிகரை யாரும் சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

புதுக்குடித்தனம்:
வெயிலே கிடையாது, வானம் மூடியிருக்கிறது. உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு சுற்று போட்டு எடுக்கவா?

நீலச்சோப்பு:
கறை போகும்வரை அதில் போடவே கூடாது, சூட்டில் கறை படிந்துவிடும். கண்ணாடி ஜன்னலுக்குள் விரித்தாலும் வெளுக்கும், நேரம்தான் கூடும். காயக்காய ஈரப்படுத்துங்கள். நாளை மாலையும் மங்கலாகத் தெரிந்தால் மருந்துக்கடையில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். வினிகர் வாடை போக அலசிய பிறகுதான் அதைத் தடவ வேண்டும். சட்டையில் வண்ணப் பூவேலை இருந்தால் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாயம் வெளுக்கும். கடைசியில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அவளுக்குப் போட வேண்டும்.

மூன்றுபிள்ளைக்காரி:
பெராக்சைடு எதற்கு? எலுமிச்சம்பழம் தேய்த்தால் போகாதா?

நீலச்சோப்பு:
வெயிலோடு சேர்ந்தால் கொஞ்சம் உதவும் அக்கா. ஆனால் சாறு துணியில் தங்கக்கூடாது, குழந்தைத் தோலில் எரியும்.

புதுக்குடித்தனம்:
பூவேலை இருக்கிறது. நல்லவேளை சொன்னீர்கள்.