இதை எண்ணியது யார்?

எம்.ஏ. வரலாறு படித்தபோது ப்ராஜெக்டுக்குத் தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) எடுத்தேன். முதல் வரைவில் பதினோரு ஆதாரங்கள். எனக்கே பெருமையாக இருந்தது. கைடு மேடம் செத்தவர்கள் தொகையை மட்டும் வட்டம் போட்டு, "இதை எண்ணியது யார்?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால் அந்தப் பதினொன்றில் இருந்த ஒன்பது இணையப் பக்கங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

அப்புறம்தான் கல்லூரிக் கடிதத்தோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். சர்க்கார் காகிதம் என்றால் ஒரே குரலில் பேசும் என்று நினைத்திருந்தேன். அங்கே பார்த்தால் சண்டை. நிவாரண வேலைக்கு வருகிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்கிறார், பஞ்சத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அதைத் தின்றுவிட்டு மண் சுமக்க முடியாது என்று மல்லுக்கு நிற்கிறார். இருவருமே வெள்ளைக்கார அதிகாரிகள்தான்! என் கூலி அத்தியாயம் முழுக்க அந்தச் சண்டையிலிருந்து வந்தது. சாவுக் கணக்குக்கு அது உதவவில்லை. 1871, 1881 மக்கள்தொகைக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒற்றை எண்ணைக் கைவிட்டு, "இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்" என்று எழுதினேன்.

* * *

மேலே எழுதிய தம்பிக்கு: எனக்கு அடி விழுந்தது படத்தில். அதே பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படத்தை என் ப்ராஜெக்ட் அட்டையில் போட்டு, கீழே "வங்கப் பஞ்சம், 1943" என்று எழுதிவிட்டேன். இணையத்தில் அப்படித்தான் கிடந்தது. அறுபத்தைந்து வருஷப் பிழை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வேறு கேள்வியே வரவில்லை. அதோடு, அந்தப் படங்கள் ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, நிற்கவைத்து எடுத்தவை. படமே சாட்சி என்று நான் எழுதியிருந்த பத்தியையும் அடிக்க வேண்டியதாயிற்று.

* * *

நான் தமிழ் இலக்கியம். பஞ்சக் கும்மிப் பாட்டுகளை வைத்து ப்ராஜெக்ட் செய்தேன். "பாட்டெல்லாம் ஆதாரமா?" என்று பக்கத்துத் துறை நண்பன் சிரித்தான். சரிதான், கும்மியில் சாவுக் கணக்கு எடுக்க முடியாது. ஆனால் நான் கேட்டது அதுவல்ல. பசியை ஜனங்கள் எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்பது. அந்த நண்பன் போன மாதம் போனில் கூப்பிட்டு, "அந்தக் கும்மி ஜெராக்ஸ் இன்னும் இருக்கா?" என்றான்.