குடி விளையாட்டு விதிகள்: உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?

சோலிலிருந்து:

கொரியாவில் கல்லூரி ஆண்டு மார்ச்சில் தொடங்கும். நான் சேர்ந்த இரண்டாவது வாரமே துறை முழுக்க 'எம்டி' என்று கிளம்பிவிட்டது. மெம்பர்ஷிப் டிரெய்னிங்காம். பயிற்சி என்று நம்பி நோட்டு எடுத்துப் போனவன் நான் ஒருவன்தான். கப்யோங் பக்கம் ஒரு வாடகை வீடு, சூடான தரை, பன்றிக்கறி வறுபடும் புகை, சுவரோரம் பெட்டி பெட்டியாகப் பச்சை பாட்டில்களில் சோஜு என்ற கொரிய மது.

நான் குடிப்பதில்லை. என் காகிதக் கப்பில் சைடர். அங்கே சைடர் என்றால் நம்ம ஊர் ஸ்ப்ரைட் மாதிரி.

முதலில் 3-6-9. வரிசையாக எண் சொல்லிக்கொண்டே போக வேண்டும்; 3, 6, 9 உள்ள எண் வந்தால் வாயை மூடிக்கொண்டு கை தட்ட வேண்டும். 13-க்கு ஒரு தட்டு, 33-க்கு இரண்டு. 30 முதல் 39 வரை வெறும் தட்டல்தான், அங்கேதான் பாதிப் பேர் கவிழ்வார்கள். அவர்கள் இதைச் சின்ன வயதிலேயே ஆடியவர்கள். சோஜு மட்டும்தான் பின்னால் வந்து சேர்ந்தது.

அப்புறம் பாஸ்கின் ராபின்ஸ் 31. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ருசி என்று 31 ருசி வைத்த அந்த ஐஸ்கிரீம் கடையின் பெயர்தான். ஒருவர் ஒன்று முதல் மூன்று எண்கள் வரை சொல்லலாம். 31 யார் வாயில் வருகிறதோ அவர் குடிக்க வேண்டும். இரண்டே பேர் ஆடினால் 2, 6, 10 என்று நான்கு நான்காகத் தாவி 30-ஐப் பிடித்துவிட்டால் தோல்வியே கிடையாது. இந்தக் கணக்கை மனதில் போட்டுக்கொண்டு மிதப்பாக உட்கார்ந்திருந்தேன். ஆனால் வட்டத்தில் பன்னிரண்டு பேர். எனக்கு முன்னால் இருந்தவன் "28, 29, 30" என்று இழுத்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். என் கணக்கு போயே போச்சு.

நுன்ச்சி என்று இன்னொன்று. யார் வேண்டுமானாலும் எழுந்து அடுத்த எண்ணைச் சொல்லலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் இருவரும் காலி, கடைசிவரை உட்கார்ந்திருந்தவரும் காலி. நுன்ச்சி என்றால் குறிப்பறிதல். வள்ளுவர் இரண்டு அதிகாரம் ஒதுக்கிய சமாச்சாரம். எனக்கு அரை அதிகாரம்கூட வரவில்லை.

நான் தோற்றால் என்ன செய்வது என்று அங்கே பெரிய பஞ்சாயத்து. சைடர் குடிப்பது தண்டனை ஆகாதே! மூத்த மாணவி ஒருவர் தீர்ப்பு சொன்னார்: சைடர்காரன் பாட வேண்டும். என் அம்மாச்சி பாடும் தாலாட்டைப் பாடினேன். ஒருவன் உண்மையிலேயே தூங்கிவிட்டான்.

இதையெல்லாம் யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. உங்கள் ஊரில் எப்படி?

லீட்ஸிலிருந்து:

இங்கே இங்கிலாந்தில் ரிங் ஆஃப் ஃபயர் என்று ஒரு சீட்டு விளையாட்டு. நடுவில் ஒரு பெரிய கோப்பை, சுற்றிலும் கவிழ்த்து வைத்த சீட்டுகள். ராஜா வந்தால் நம் பானத்தில் கொஞ்சம் நடுக்கோப்பையில் ஊற்ற வேண்டும். நான்காவது ராஜாவை எடுத்தவர் அந்தக் கண்றாவியைக் குடித்தாக வேண்டும். மற்ற விதிகள் எதுகையில் நிற்கின்றன. செவன் என்றால் ஹெவன், எல்லோரும் கை தூக்க வேண்டும். எய்ட் என்றால் மேட், கூடக் குடிக்க ஒரு துணை. எதுகை இல்லாத சீட்டுக்குத்தான் வீட்டுக்கு வீடு வேறு விதி. "எங்கள் ஃப்ளாட்டில் இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் சண்டை.

என்னைக் கொன்றது பஃபலோ. அந்த ஆட்டத்தில் வலது கையால் குடிக்கக் கூடாது. பிடிபட்டால் "பஃபலோ!" என்று கத்துவார்கள், மிச்சத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஒருமுறை சேர்ந்தால் ஆயுளுக்கும் உறுப்பினர். இடது கையால் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலே அதட்டும் பாட்டியிடம் வளர்ந்தவன் நான். எத்தனை முறை மாட்டியிருப்பேன், பாருங்கள்.

திருநெல்வேலியிலிருந்து:

எங்கள் விடுதியில் விளையாட்டெல்லாம் இல்லை, மிக்சரும் புலம்பலும்தான். ஆனால் முதல் வாய்க்கு முன் விரல் நுனியால் மதுவைத் தொட்டு இரண்டு சொட்டு தெளிக்காமல் ஒருவனும் குடிக்க மாட்டான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். செத்துப்போன பெரியவர்களுக்கு என்றான் ஒருவன், கருப்பசாமிக்கு என்றான் இன்னொருவன். மூன்றாமவன், "எங்க சித்தப்பா தெளிப்பாரு, நானும் தெளிக்கிறேன்" என்றான். எனக்கு அவன் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

சோலிலிருந்து:

லீட்ஸ்காரரே, உங்கள் பாட்டிக்கு என் வணக்கம்!

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. போன மார்ச்சில் மறுபடி எம்டி போனேன், இந்த முறை சீனியராக. புதுப் பையன் ஒருவன் மது வேண்டாம் என்று சைடர் எடுத்தான். உடனே பக்கத்தில் இருந்த இரண்டாம் ஆண்டுப் பெண், "சைடர் குடித்தால் தாலாட்டுதான் பாட வேண்டும்" என்றாள். ஏன் தாலாட்டு என்று கேட்டான். "அது நம் துறையில் ரொம்பக் காலமாக இருக்கிற வழக்கம்" என்று எனக்கும் சேர்த்து விளக்கினாள்.